ஊழி வெள்ளமும் செத்தைக் கோடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நாடுகளின் ஊழி வெள்ளக் கதைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நோவாவின் பேழை, மனுவின் மீன், பாபிலோனியரின் கில்காமேஷ், நம்முடைய குமரிக் கடல்கோள் ஆகிய நான்கையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, இத்தனை நாட்டாரும் ஒரே கதையைச் சொல்வதால் அது நடந்த கதையாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் ஒரே வெள்ளமாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் வந்திருந்தார். முதல் பாதியை நான் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. தென்பெண்ணையிலும் அதில் வந்து விழும் ஓடைகளிலும் பணி ஆய்வாளராக 33 ஆண்டுகள் நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் என்பதைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனால் வெள்ளத்தைப் பற்றி மனிதர் சொல்லும் சொல்லுக்கும் வெள்ளம் விட்டுச்செல்லும் தடத்துக்கும் உள்ள தூரத்தை அந்த வேலையில் இருப்பவன் பார்ப்பதுபோல மற்றவர்கள் பார்ப்பதில்லை.

வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில்தான் எங்கள் வேலையின் கடினமான பகுதி தொடங்கும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் மணிக்கொரு முறை அளவுப் பலகையைப் பார்த்து எழுதியது போக, பலகையே மூழ்கிய இடங்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைக் கரையோரத்து முட்செடிகளிலும் கம்பி வேலிகளிலும் தேட வேண்டியிருக்கும். வைக்கோலும் சருகும் கிழிந்த துணியும் பாலிதீன் பையும் நூல் பிடித்ததுபோல ஒரே மட்டத்தில் சிக்கி நிற்கும். அதைச் செத்தைக் கோடு என்போம். அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இலைகள் பச்சையாக இருக்கும், கீழே சேறு பூசியிருக்கும். அந்தக் கோட்டை அளந்துகொண்டிருக்கும்போதே ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, தண்ணீர் பனைமரத்தின் பாதிவரை ஏறியதைத் தம் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். கோடு நான்கடியில் இருக்கும். அவர் பொய் சொல்வதில்லை. நள்ளிரவில் கேட்ட இரைச்சலையும் அவிழ்த்துவிட நேரமில்லாமல் கட்டுத்தறியிலேயே போன மாட்டையும் சேர்த்து அளந்து சொல்கிறார். வெள்ளக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வருகிறார்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி இரவை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு, கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் எங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பக்கத்தில் அரூரில் 33 சென்டிமீட்டர். ஏரிகள் கோடி போய், பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல்கள்போல உருண்டு போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கடலையே பார்க்காத ஊரில் ‘கடல் வந்துவிட்டது’ என்று என் தெருவில் ஒரு பாட்டி கத்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், மழைமானியும் தொலைக்காட்சியும் இல்லாத காலத்தில் அதே இரவு வந்திருந்தால், பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாட்டியின் சொல்லைத்தான் வரலாறாக வைத்திருப்பார்கள்.

இப்போது மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக் பக்கம் வருகிறேன், ஏனென்றால் இந்த விவகாரம் உலகுக்குத் தெரியவந்ததே அங்கிருந்துதான். பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் வேலை பழகிய ஜார்ஜ் ஸ்மித் என்பவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உடைந்த களிமண் பலகைகளைப் பொருத்திப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கப்பல் மலைமேல் தங்கியதையும் அதிலிருந்து புறா ஒன்று பறக்கவிடப்பட்டதையும் கண்டார். 1872 டிசம்பர் 3 அன்று லண்டனில் அவர் அதைப் படித்தபோது பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து கேட்டார். பலகையின் விடுபட்ட துண்டைத் தேடிவர ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ் 1,000 கினி கொடுத்தது, ஸ்மித்தும் நினிவே போய் ஒரு துண்டை எடுத்துவந்தார். (பத்திரிகைகள் களிமண்ணுக்குக் காசு கொடுத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.) அவர் படித்த அந்தக் கில்காமேஷ் காவியப் பலகை கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசூர்பனிபால் அரசனின் நூலகத்தில் இருந்தது. அதே கதையின் பழைய வடிவமான அத்ரகாசிஸ் அதற்கும் ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. மனிதர்கள் போடும் கூச்சலில் தூக்கம் கெட்ட என்லில் என்னும் தெய்வம் வெள்ளத்தை அனுப்ப முடிவு செய்கிறது. மனிதர்மேல் இரக்கம் கொண்ட ஏயா என்னும் மற்றொரு தெய்வம், நாணல் சுவரிடம் பேசுவதுபோல வீட்டுக்குள் இருப்பவனுக்குச் சேதி சொல்கிறது: வீட்டை இடித்துப் படகு கட்டு, பொருளை விடு, உயிரைப் பார். ஆற்றோரத்தில் தண்டோரா போட்டுத் தாழ்வான பகுதி மக்களை மேடான இடத்துக்குப் போகச் சொல்லும் வேலையைப் பல முறை செய்தவன் நான். அந்த அறிவிப்பை இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்கும் தெரியாது.

இந்தக் கதைக்கு மண்ணில் சாட்சி உண்டா என்றால், உண்டு. ஆனால் ஒன்றல்ல, பல. 1929ஆம் ஆண்டை ஒட்டி ‘ஊர்’ (Ur) என்னும் பழைய மெசபடோமிய நகரத்தில் அகழ்ந்த லியோனார்டு வுல்லி, பானை ஓடுகள் நிறைந்த அடுக்குக்குக் கீழே ஓடே இல்லாத சுத்தமான வண்டலை எட்டடிக்கும் மேலான கனத்தில் கண்டார். அதற்கும் கீழே மறுபடி மனிதர் வாழ்ந்த தடம் இருந்தது. உதவியாளர்களுக்கு விளங்கவில்லை, வுல்லியின் மனைவி காதரின் வந்து பார்த்ததும் இது ஊழி வெள்ளம்தான் என்று தயங்காமல் சொன்னாராம். தந்திகள் பறந்தன. பின்னால் கீஷ் நகரிலும் சுருப்பாக் நகரிலும் வண்டல் அடுக்குகள் கிடைத்தன, ஆனால் அவற்றின் காலம் ஊர் நகரத்து வண்டலின் காலத்தோடு ஒத்துவரவில்லை. ஊர் நகரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள எரிது நகரில் அப்படி ஒரு வண்டலே இல்லை. சுருப்பாக்கின் வண்டல் ஏறத்தாழ கி.மு. 2900ஐச் சேர்ந்தது. சுமேரியக் கதையில் வெள்ளத்திலிருந்து தப்பிய சியுசுத்ரா அந்தச் சுருப்பாக் நகரத்தவன்தான் என்பதால், கதையின் கரு அங்கே விழுந்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. உலகம் முழுதும் மூழ்கியது என்று அந்த ஊர்க்காரன் சொன்னால், அவனுடைய உலகம் கண்ணுக்கெட்டிய சமவெளிதான் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வுல்லி கண்டது ஒரு செத்தைக் கோடு. அது ஓர் ஆற்றின் ஓர் ஆண்டின் கோடு, அவ்வளவே.

தருமபுரி மாவட்ட வாசகர்கள் இன்னும் அறிந்திராத, ஆனால் அறிந்தால் மகிழக்கூடிய ஒரு செய்தி இதில் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் 2014இல் வெளியிட்ட ஒரு பலகை, கைப்பேசி அளவே உள்ளது, 60 வரிகள் கொண்டது, ஏறத்தாழ கி.மு. 1750ஐச் சேர்ந்தது. அதில் தெய்வம் கட்டச் சொல்லும் படகு நாம் படங்களில் பார்க்கும் பேழையைப்போல நீண்டதல்ல, வட்டமானது. ஈச்ச நாரைக் கயிறாகத் திரித்துச் சுற்றிச்சுற்றிக் கூடைபோல முடைந்து, விலா எலும்புபோலச் சட்டங்கள் வைத்து, உள்ளும் புறமும் நிலக்கீல் பூசிய வட்டப் படகு. சுருங்கச் சொன்னால் பரிசல்! ஒகேனக்கல் கரையில் மூங்கிலைப் பிளந்து முடைந்து, முன்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, தாரைக் காய்ச்சிப் பூசிக் கவிழ்த்துக் காய வைப்பதைப் பார்த்தவர் எவருக்கும் அந்தப் பலகையின் வரிகள் புதிதாக இருக்காது. யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளில் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் குஃபா என்ற பெயரில் அதே பரிசல் ஓடியது, யூப்ரடீஸ் கரையில் ஹிட் என்னும் ஊரில் நிலக்கீல் நிலத்திலிருந்தே ஊறியது. பலகையில் சொல்லும் படகின் விட்டம் 70 மீட்டர், சுவர் உயரம் 6 மீட்டர். அந்த விட்டத்தின் குறுக்கே நம் ஒகேனக்கல் பரிசல்களை ஒன்றையொன்று தொட்டு ஒரே வரிசையில் வைத்தால் முப்பது வேண்டியிருக்கும். ஃபிங்கலின் குறிப்பை வைத்துச் சிறிய அளவில் ஒன்றைக் கட்டிப் பார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கேரளம். அது மிதந்தது, கொஞ்சம் ஒழுகவும் செய்தது. தார் சரியில்லை என்றால் ஒழுகும் என்பதை ஒகேனக்கலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

வட்டப் படகு ஏன் என்பதற்கும் ஒகேனக்கலில் விடை இருக்கிறது. பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, நேராகப் போவதைவிடச் சுற்றுவதில்தான் அதற்கு விருப்பம். எங்கும் போய்ச் சேர வேண்டிய தேவை பேழைக்கு இல்லை, கவிழாமல் மிதந்தால் போதும். ஆனாலும் நீர்வரத்து கூடிய நாளில் பரிசல் இயக்கத் தடை என்ற செய்தியைத் தங்கள் நாளிதழே ஆண்டுக்குப் பல முறை வெளியிடுகிறது. காவிரியின் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறினால் ஒகேனக்கலில் பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பெருவெள்ளத்தில் பரிசலேறிப் பிழைத்த கதை, ஆற்றோரத்துக்காரன் கண்டதிலிருந்து பிறந்தது அல்ல, ஆசைப்பட்டதிலிருந்து பிறந்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

கட்டுரையாளர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு, என் கடிதத்தின் மையமே அதுதான். பெருவெள்ளம் பாய்ந்த எல்லா நாட்டிலும் ஊழிக் கதை பிறக்கவில்லை. நைல் ஆறு ஆண்டுதோறும் எகிப்தை மூழ்கடித்தது, ஆனால் மனித குலத்தை வெள்ளத்தில் அழித்த கதை எகிப்தியரிடம் பெரிதாக வேரூன்றவில்லை, வெள்ளத்தை ஹாப்பி என்ற தெய்வமாக வைத்து விழா எடுத்தார்கள். காரணம், வெள்ளம் வரும் மாதம். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை ஜூலை முதல் அக்டோபர் வரை நைலில் இறங்கும், வடிந்த பிறகு வண்டல்மேல் விதைப்பார்கள். டைகிரிசும் யூப்ரடீசும் அப்படியல்ல. அனதோலியா மலைகளின் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் பெருகும், அப்போது வாற்கோதுமை அறுவடைக்கு நிற்கும். கதிர் முற்றிய வயலில் வரும் தண்ணீரைக் கும்பிட்டு வரவேற்க யாருக்கும் மனம் வராது. யார் போட்ட கூச்சலுக்கு யார் கோபித்தார் என்றுதான் யோசிப்பார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஈராக்குக்கும் எகிப்துக்கும் போகவேண்டியதில்லை, பழைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தின் இரண்டு ஆறுகளே போதும். நைல் பெருகும் அதே மாதங்களில் காவிரியில் புதுப்புனல் வரும், நாற்று விடப்போகும் காலம் அது. ஆகவே ஒகேனக்கலில் ஆடிப் பதினெட்டு அன்று முளைப்பாரியும் காதோலை கருகமணியும் ஆற்றில் விடுகிறோம், புதுத்தாலிக் கயிறு மாற்றுகிறோம், அந்த வெள்ளத்துக்குப் பெயரே பெருக்கு. தென்பெண்ணை அப்படி நாள் குறித்து வருவதில்லை. நந்தி மலையில் பிறந்து, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி அணையைக் கடந்து வரும் இந்த ஆற்றில் வெள்ளம் என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைப் புயலின் வெள்ளம், நெல் பால் பிடித்து நிற்கும்போது வருவது. என் 33 ஆண்டுப் பதிவேட்டில் தென்பெண்ணை வெள்ளத்துக்கு எவரும் தேங்காய் உடைத்து வரவேற்றதை நான் பார்த்ததில்லை. ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரே தெய்வங்கள், இரண்டு ஆறுகள், இரண்டு கதைகள். எனவே வெள்ளக் கதை சொல்வது ஒரு நாள் நடந்ததை மட்டுமல்ல, அந்த ஆற்றின் குணத்தை. அப்படியிருக்க உலகத்து ஆறுகளின் குணங்களை எல்லாம் ஒரே நாளில் ஒரே வெள்ளத்தில் கரைத்துவிடுவது எந்த ஆற்றுக்கும் செய்யும் நியாயமல்ல.

சீனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. அங்கே யாரும் படகேறித் தப்புவதில்லை. கூன் என்பவன் கரை போட்டு வெள்ளத்தைத் தடுக்கப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் தோற்கிறான். அவன் மகன் யூ, தடுப்பதை விட்டுவிட்டு வாய்க்கால் வெட்டி நீரைக் கடலுக்கு வழிகாட்டுகிறான், அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று முறை தன் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே போகவில்லையாம். வெள்ளக் கதை நாயகர்களில் என் மனம் அவன் பக்கம்தான், ஒரு பணி ஆய்வாளரின் மனம் வேறு யார் பக்கம் போகும்? 2016இல் வூ சிங்லொங் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு, மஞ்சள் ஆற்றின் ஜிஷி பள்ளத்தாக்கில் நிலநடுக்கத்தால் மலை சரிந்து ஆற்றை அடைத்ததாகவும், அந்த இயற்கை அணை ஏறத்தாழ கி.மு. 1920இல் உடைந்தபோது விநாடிக்கு 3 லட்சம் முதல் 5 லட்சம் கன மீட்டர் நீர் பாய்ந்திருக்கலாம் என்றும் கணக்கிட்டது. பழக்கத்தால் அதைக் கன அடியில் மாற்றிப் பார்த்தேன், ஒரு கோடியைத் தாண்டுகிறது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட 1.68 லட்சம் கன அடி விழுப்புரத்தையும் கடலூரையும் என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். அதைப்போல எண்பது மடங்கு. அந்த ஆய்வை மறுத்து எழுதியவர்களும் உண்டு, உடைந்த அணைக்கும் யூவுக்கும் நடுவே உள்ள முடிச்சு இன்னும் இறுகவில்லை. ஆனாலும் அந்த ஆய்வு கேட்டது சரியான கேள்வி: இந்தக் கதைக்கு, இந்த ஆற்றில், எந்த ஆண்டின் வண்டல்?

கருங்கடல் பற்றிக் கட்டுரையாளர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். மத்தியதரைக் கடல் போஸ்பரஸ் வழியாக 7,000 ஆண்டுகளுக்கும் முன்னர் கருங்கடலுக்குள் பாய்ந்தது என்று நிலவியலாளர்கள் ரையனும் பிட்மனும் 1997இல் சொன்னது உண்மை. நீர்மட்டம் ஏறிய அளவு அவர்கள் சொன்னதைவிட மிகக் குறைவு என்று டான்யூப் கழிமுகத்து வண்டலை ஆராய்ந்தவர்கள் பின்னர் காட்டியதும் உண்மை. இரண்டாவதை அவர் குறிப்பிடவில்லை. மலைமேல் சிப்பி கிடைப்பதை அவர் சான்றாகக் காட்டியதும் சரியல்ல. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமம் கல்லான கடலுயிர்தான், அரியலூர்ப் பக்கம் வயலில் கல்லான நத்தையும் சிப்பியும் கிடைப்பதும் மெய்தான். ஆனால் கடல் ஏறிப்போய் அவற்றை இமயத்தில் வைக்கவில்லை, கடலின் தரையே மலையாக எழுந்தது, மனிதன் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அந்தச் சிப்பிகளைப் பார்த்து முன்னோர் வெள்ளக் கதை கட்டியிருக்கலாம் என்பது வேறு.

மனு கதை நம் ஊர்க் கதை என்பதால் ஒரு வார்த்தை. காலையில் கை கழுவிய நீரில் வந்த சிறு மீனை மனு வளர்க்க, அது பெருத்து அவன் படகை இழுத்துக்கொண்டுபோய் வடமலையில் சேர்த்தது என்று சதபத பிராமணம் சொல்கிறது. பாகவதத்தில் அதே கதையின் அரசன் சத்தியவிரதன், திராவிட நாட்டை ஆண்டவன், மீன் வந்தது கிருதமாலையில். கிருதமாலை என்பது வைகை என்று கொள்வது மரபு. கதை தெற்கே வந்ததும் ஆற்றின் பெயர் மாறிவிட்டது. இது கதையின் பொய்மைக்கு அடையாளம் அல்ல. சொல்பவர் தம் ஊர் ஆற்றில் நிறுத்திச் சொன்னால்தான் கேட்பவருக்குக் கால் நனையும்.

இனிக் குமரிக்கு வர வேண்டும், இதில் பலருக்கு என்மேல் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்ற சிலப்பதிகார வரிகளை நானும் பள்ளியில் உரக்கப் படித்தவன், இன்றும் படித்தால் சிலிர்க்கிறது. கடல் நிலத்தைக் கொண்டது என்ற செய்தியில் எனக்கு ஐயமில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது, பனிப்பாறைகள் உருக உருக ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் இன்றைய மட்டத்துக்கு அருகில் வந்து நிதானப்பட்டது. பாக் நீரிணையின் ஆழத்தைப் பார்த்தாலே இலங்கைக்கு நடந்து போன காலம் ஒன்று இருந்தது விளங்கும். கன்னியாகுமரிக்குத் தெற்கிலும் கரையோரத்தில் ஒரு பகுதி நிலம் போனதுதான். கடல் மிக விரைவாக ஏறிய 14,500 ஆண்டுகளுக்கு முந்தைய கட்டத்தில்கூட ஐந்நூறு ஆண்டுகளுக்குள் பதினைந்து, இருபது மீட்டர்தான் ஏறியது. ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர், ஓர் ஆயுளில் இரண்டு மூன்று மீட்டர். ஓடித் தப்ப வேண்டிய வேகமல்ல, ஆனால் பாட்டன் வலை உலர்த்திய திட்டில் பேரன் வலை வீசும் வேகம்.

சிக்கல் எண்களில்தான். குமரியாற்றுக்கும் பஃறுளியாற்றுக்கும் இடையே 700 காவதம் என்கிறார் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். காதம் பத்து மைல் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கைப் போட்டால் 7,000 மைல், அது குமரி முனையிலிருந்து கிளம்பித் தென்துருவத்தையும் தாண்டிவிடும். முதற்சங்கம் 4,440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850 என்று இறையனார் அகப்பொருள் உரை சொல்வதையும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும்: 120 முறை, 100 முறை, 50 முறை. பதிவேட்டில் இப்படிப்பட்ட எண்களைப் பார்த்தால் பொறியாளர் எங்களைக் கூப்பிட்டு, ஆற்றுக்குப் போனாயா, வீட்டிலிருந்தே எழுதினாயா என்று கேட்பார். சுமேரியரின் அரசர் பட்டியலும் இதே வகைதான். வெள்ளத்துக்கு முன் ஐந்து நகரங்களில் எட்டு அரசர்கள் ஆண்டது 2,41,200 ஆண்டுகள் என்கிறது, அது 3,600இன் 67 மடங்கு, அறுபது அறுபதாக எண்ணும் அவர்கள் கணக்கில் 3,600 ஒரு முழு எண். இவை அளந்த எண்கள் அல்ல, மரியாதைக்குக் கொடுத்த எண்கள். நோவாவின் நாற்பது நாளுக்குச் சான்று கேட்கும் நாம், நம் 4,440க்கு மட்டும் சான்று கேட்காமல் விடுவது முறையாகாது. இலெமூரியா என்ற பெயரும் நம் நூல்களில் இருந்து வந்ததல்ல, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் ஒற்றுமையை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் வைத்த பெயர். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு, மூழ்கிய கண்டம் எதுவும் அந்த விளக்கத்துக்குத் தேவைப்படவில்லை. மூழ்கிய கரை நமக்கு உண்டு, மூழ்கிய கண்டம் இல்லை.

இப்படிச் சொல்வதால் வாய்மொழி மரபை நான் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். எண்ணை மறந்துவிட்டுச் செய்ய வேண்டியதை மறக்காத மரபுகள் உண்டு. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907இல் ஆழிப்பேரலை வந்தது. அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, நிலம் ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று தாலாட்டிலும் பாட்டிலும் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பழங்குடிகள், இடிப்பறவையும் திமிங்கிலமும் சண்டையிட்டுக் கடல் பொங்கியதாகச் சொல்லிவந்த கதையை வெறும் கற்பனை என்று ஒதுக்கியிருந்தார்கள். உப்புநீரில் செத்து நின்ற மரங்களும் ஜப்பானியரின் ஆழிப்பேரலைக் குறிப்புகளும் சேர்ந்து அக்கரையில் 1700 ஜனவரி 26 இரவில் பெரும் நிலநடுக்கம் வந்ததைக் காட்டிவிட்டன. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் கடல் ஏறிய கதையை 21 இடங்களில் 7,000 ஆண்டுகளாகக் கைமாற்றி வந்திருக்கிறார்கள் என்று பாட்ரிக் நன்னும் நிக்கோலஸ் ரீடும் வாதிடுகிறார்கள். அவ்வளவு நீண்ட நினைவு சாத்தியமா என்று எனக்குத் தயக்கம் உண்டு, ஆனாலும் ஒவ்வோர் இடத்துக் கதையையும் அவ்விடத்துக் கடலாழத்தோடு வைத்துப் பார்த்த அவர்களுடைய முறையைக் குறை சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்து நினைவு எவ்வளவு நாள் தாங்கும் என்பதை நாகமரை பரிசல் துறையில் நின்று பார்க்கலாம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது காவிரிக் கரை ஊர்கள் பல நீருக்கடியில் போயின. கோடையில் அணை வற்றினால் எதிர்க்கரைப் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் தலைதூக்கும். நூறாண்டுகூட ஆகவில்லை, அணைக்குத் தேதி உண்டு, கோப்பு உண்டு. இருந்தும் பெண்ணாகரம் சந்தையில் ஓர் இளைஞர், பெரிய வெள்ளம் வந்து தேவாலயத்தை அடித்துக்கொண்டு போனதாக என்னிடமே சொன்னார்.

ஆகவே தங்கள் நாளிதழின் வழியாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தகடூர் நாட்டில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. மாடு கவர்ந்த சிறு பூசலில் விழுந்த வீரனுக்குக்கூட, இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், தொறுக்கொண்ட ஞான்று பட்டான் என்று எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். ஜப்பானில் அனெயோஷி என்ற சிற்றூரில், இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதே என்று எழுதி நட்ட கல் ஒன்று உண்டு. 2011இல் பேரலை அதற்குக் கீழேயே நின்றது. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையிலும் அரூரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைப் பாலங்களிலும் ஏரிக் கலிங்குகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தேதியோடு கல்லில் வெட்டி வைக்க வேண்டும். வண்ணத்தில் எழுதினால் போதாது. நான் பணியில் இருந்தபோது ஒரு பாலத் தூணில் முன்னோர் யாரோ எழுதிவைத்த பழைய வெள்ளக் குறி ஒன்று இருந்தது. ஒரு விழாவுக்காகத் தூண்களுக்கு வெள்ளையடித்தவர்கள் அதன்மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். மறுநாள் நான் துணியால் துடைத்தபோது சுண்ணாம்போடு குறியும் வந்துவிட்டது. அதன் உயரத்தை நான் அதற்குமுன் குறித்து வைத்திருக்கவில்லை, அந்தக் குறை என்னுடையது.

இந்த முறை அந்தத் தவறைச் செய்யவில்லை. டிசம்பர் 2 காலை, சேறு காய்வதற்கு முன்பாகவே, என் வீட்டுத் திண்ணைச் சுவரில் செத்தை ஒட்டியிருந்த மட்டத்தில் உளியால் ஒரு கோடு வெட்டி, தேதியையும் வெட்டினேன். தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம். வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் அவர்களை அழைத்துவந்து காட்டுகிறார். போன மாதமும் வந்தார். கோட்டின் மேல் கையை வைத்துவிட்டு, “இதுவரைக்கும்தான்னு இவரு வெட்டி வெச்சிருக்காரு” என்று சொல்லி, கையை மெல்ல உயர்த்தித் தம் நெற்றிக்கு நேராக நிறுத்தினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர் ஒருவர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.